எம்டன் வீட்டுச் சுவர்

சுவருக்கும் காது உண்டு என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்கு வாயும் உண்டு என்று கண்டுபிடித்த பிறகுதான் வினை வந்தது.

ராயபுரம் சின்னக் கயிறுகாரர் தெருவில் தனகோபாலின் வீட்டுக்கு அந்த வினை ஒரு செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி காலையில் வானொலி நிலையத்து வேனில் வந்து இறங்கியது. யாரும் தள்ளிவிடவில்லை. தனகோபாலே நாலு முறை போன் போட்டு வரவழைத்தது.

தனகோபால் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அந்த அடையாளத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். 'எம்டன் வீட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். 1914-ஆம் வருஷம் இதே தேதியில், இரவு வேளையில், எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே கடலில் வந்து நின்று குண்டு போட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. நடந்தது அரைமணி நேரம்தான். ஆனால் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கான பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனார்கள். கப்பல் வந்த வேகத்தில் போய்விட்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கி, எதற்கும் அசராத எமகாதகனுக்கெல்லாம் 'எம்டன்' என்று ஆயிற்று.

ஊரே நடுங்கிய அந்த இரவில் சின்னக் கயிறுகாரர் தெருவில் மட்டும் ஒருவரும் ஓடவில்லை என்பதுதான் தனகோபாலின் குடும்பக் கதை. காரணம் அவருடைய கொள்ளுத்தாத்தா மாசிலாமணி. அரிசி மண்டிக்காரர். குண்டு விழும்போதே மாடியில் ஏறி நின்று கடலைப் பார்த்து, விளக்கை அணையுங்கள், சுவரோரம் உட்காருங்கள், ஒருவரும் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டவர். இந்தக் கதையைத் தனகோபால் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சொல்லியிருக்கிறார், பேருந்தில் சொல்லியிருக்கிறார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி ஆறிப்போகும் வரை கேட்டிருக்கிறார்கள்.

கேட்டுக் கேட்டே வார்டு கவுன்சிலர் பரிதி, மாநகராட்சியில் தீர்மானம் போட்டுத் தெருவுக்கு 'எம்டன் மாசிலாமணி தெரு' என்று பெயர் வாங்கிவிட்டார். அன்று பகலில் திறப்பு விழா. தெருமுனையில் புதுப் பெயர்ப்பலகை மஞ்சள் துணி போர்த்தி நின்றது. கடற்கரை வானொலியின் 'இதே நாள்' நிகழ்ச்சி அங்கிருந்தே நேரலை. மாசிலாமணியின் குரலை அவர் வீட்டுச் சுவரிலிருந்தே எடுத்து ஊருக்குக் கேட்கவைப்பதாக ஏற்பாடு.

வேனிலிருந்து இறங்கிய பெண்ணின் பெயர் ஜெசிந்தா. நிகழ்ச்சியை நடத்துகிறவளும் கருவியை இயக்குகிறவளும் அவள்தான். முன்கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். நகத்தால் கொஞ்சம் சுரண்டி மோந்தாள்.

"நல்ல சுண்ணாம்பு சார். கடுக்காய், வெல்லம் எல்லாம் போட்டு அரைச்சிருக்காங்க. பேசும்."

"சிமென்ட் சுவர் பேசாதா?" என்று கேட்டாள் மேகலா. தனகோபாலின் மனைவி.

"பேசாதும்மா. சிமென்ட் உடனே இறுகிடும். சுண்ணாம்பு நூறு வருஷம் ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமா இறுகிட்டே இருக்கும். இறுகும்போது பக்கத்துல என்ன சத்தம் கேட்டாலும் அது உள்ளே மெல்லிசா வரியா விழுந்துடும். அந்த வரியை இது படிக்கும்." டாக்டர் நெஞ்சில் வைப்பது போன்ற, உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"அப்போ எல்லா நாளும் கேட்கலாமே. ஏன் அதே தேதியில வரணும்?"

"வெயில் சாயுற கோணம், கடல்காத்து ஈரம் எல்லாம் சேர்ந்து சுவர் தினமும் ஒரு அளவுக்கு விரியும். அன்னிக்கு எவ்வளவு விரிஞ்சிருந்ததோ அதே அளவு விரிஞ்சாதான் அந்த வரி வாயைத் திறக்கும். வருஷத்துக்கு ஒரே நாள்."

"திவசம் மாதிரி" என்றார் தனகோபால்.

"திவசம் திதியில வரும் சார். இது தேதியில."

நேரலைக்கு முன்னால் வீட்டுக்காரர்கள் ஒரு தடவை தனியாகக் கேட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது விதி என்றாள் ஜெசிந்தா. தனகோபால் சிரித்தார். எங்கள் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. போன மாசம் சுதந்திர தினத்துக்கு ஒரு வீட்டுக்குப் போனோம். நாப்பத்தேழுல கொடியேத்தினப்போ எல்லாரும் கோஷம் போட்டாங்கன்னு சொன்னாங்க. வச்சுக் கேட்டா, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை. இப்ப அந்த வீட்டுல கேஸ் நடக்குது."

கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தட்டு சுவரில் ஒட்டிக்கொண்டது. முதலில் காக்கை கரைந்தது. பிறகு யாரோ தொண்டை வரை தண்ணீர் விட்டுக் கொப்பளித்தார்கள்.

"கொள்ளுத்தாத்தா கொப்பளிக்கிறார்" என்றார் தனகோபால். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெசிந்தா கருவியின் குமிழைத் திருகி இரவுக்கு வந்தாள். நவராத்திரி சமயம். தெருவில் எங்கோ பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை சுண்டல் கேட்டு அழுதது. திடீரென்று தூரத்தில் 'டொம்' என்றது.

"என்னாது அது?" ஓர் ஆணின் குரல்.

"வாணம் விடுறாங்களா இருக்கும்" என்றது பெண்குரல்.

இன்னொரு டொம். பாட்டு நின்றுவிட்டது.

"வாணமில்லே. பீரங்கி."

தடதடவென்று ஓடும் சத்தம் வந்தது. தனகோபால் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். மாடிப்படியில் ஏறுகிறார் என்று ஜெசிந்தாவுக்குச் சைகை காட்டினார். மண்ணோடு மண் உரசுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க, அதுல எதுக்கு ஏறுறீங்க?"

"மூடியைப் போடு." இப்போது ஆணின் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"நெல்லு இருக்குங்க குதிர்ல."

"இருந்துட்டுப் போவுது. மூடியைப் போடுடி."

கூடத்து மூலையில் ஆள் உயரத்துக்கு மண் குதிர் ஒன்று இருந்ததாகவும், தன் அப்பா காலத்தில்தான் அதை உடைத்துப் போட்டதாகவும் தனகோபாலுக்குத் தெரியும். அந்த மூலையில் இப்போது வாஷிங் மெஷின் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவருக்குள் யாரோ வாசற்கதவை இடித்தார்கள். "மாசிலாமணி அண்ணே, ஊரே பத்தி எரியுது. தெருவே கிளம்புது. நீங்க எங்க இருக்கீங்க?"

பதில் ஒரு குழந்தையிடமிருந்து வந்தது. அது தனகோபாலின் தாத்தாவாக இருக்க வேண்டும், அப்போது ஐந்து வயது.

"நைனா குதிர்ல இல்ல."

மேகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று பழமொழியாகக் கேட்டிருக்கிறாள். சொந்தப் புகுந்த வீட்டிலேயே நடந்திருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

சுவரில் அந்தப் பெண் வாசலுக்குப் போய்விட்டாள். தெருப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது. துளி நடுக்கமில்லை.

"அவரு மாடியில நிக்கிறாரு. கடலைத்தான் பார்த்துட்டு இருக்காரு. வெளக்கையெல்லாம் அணைக்கச் சொல்றாரு. ஒருத்தரும் ஓடக்கூடாதுன்னு சொல்லச் சொன்னாரு."

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது ஒரு குரல். "உள்ளே இருக்கிறதா, வெளியே வர்றதா, கேட்டுச் சொல்லும்மா."

அவள் உள்ளே வந்தாள். குதிர் பேசிற்று. "யாருடி வெளியே?"

"தெருவே நிக்குது."

"கப்பல் போயிடுச்சா?"

"நீங்க சும்மா இருங்க. உத்தரவு போட்டுக்கிட்டு இருக்கீங்க."

மறுபடி வாசல். "சுவரோரமா உக்காரச் சொல்றாரு. பிள்ளைங்களை நடுவுல வச்சுக்கச் சொல்றாரு."

ஜெசிந்தா கருவியை நிறுத்தினாள். மேகலா இன்னும் நடுநடுவே சிரிப்பில் குலுங்கினாள்.

வாசலில் கவுன்சிலர் பரிதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக் கேட்டார். "என்ன சார், ஐயா குரல் நல்லா வருதா?"

"வருது வருது" என்று சொல்லித் தனகோபால் கதவைச் சாத்தினார். பிறகு ஜெசிந்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, தெருப் பக்கம் அந்தம்மா பேசுறது மட்டும் போட முடியுமா? 'அவரு சொல்றாரு, அவரு சொல்றாரு'ன்னு வருதே. அது பொய்யில்லையே. சுவர் சொன்னதுதானே."

"வீட்டுக்காரங்க வேணாம்னு சொல்ற இடத்தை விட்டுடலாம் சார். விதி அப்படித்தான்." அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "குதிர் வர்ற இடத்தை எடுத்துட்டா உங்க கதை அப்படியே நிரூபணம் ஆயிடும்."

அதுதான் தனகோபாலை உறுத்தியது. வெட்டி எடுத்தால் இந்தக் கதைக்கு இதைவிடச் சாட்சி உலகத்தில் கிடையாது. வெட்டச் சொல்ல வாயெடுத்தார். அப்போது மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவங்க பேரு என்ன?"

"யாரு பேரு?"

"உத்தரவு போட்டாங்களே, அவங்க பேரு."

தனகோபால் யோசித்தார். பூஜை அறையில் மாசிலாமணியின் படம் இருக்கிறது, மாலையோடு. பக்கத்தில் வேறு படமில்லை. அப்பா 'எங்க பாட்டி' என்பார். தாத்தா 'எங்கம்மா' என்பார்.

"எம்டன்ல எத்தனை பீரங்கின்னு கேட்டா தூக்கத்துல சொல்லுவீங்க" என்றாள் மேகலா. அவள் இப்போது சிரிக்கவில்லை.

ஜெசிந்தா கேட்ட வரைக்கும் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். வாசலில் நின்றவர்கள் 'அம்மா' என்றார்கள், 'மண்டிக்காரர் பொஞ்சாதி' என்றார்கள். குதிர் 'அடியே' என்றது. பெயரை யாரும் சொல்லவில்லை. 'மூடியைப் போடு' மட்டும் இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் தனகோபாலுக்கு உறைத்தது. அது அவருடைய குரலேதான். ரிமோட் எங்கே என்று கேட்பாரே, அதே குரல்.

வெளியே மைக் சோதனை செய்தார்கள். நேரம் நெருங்கிவிட்டது.

"இன்னும் கேட்காத மிச்சம் இருக்கில்ல?" என்றார் தனகோபால்.

"இருக்கு சார். இனி ஓட்டிப் பார்க்க நேரமில்லை. நேரா நேரலைதான்."

"அப்போ முழுசா போடு. எங்கேயாவது யாராவது அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டா போதும்."

"கூப்பிடலைன்னா?"

"மானம் போனது மிச்சம்."

தெருவில் பந்தல் போட்டு நாற்காலி வரிசைகள் நிறைந்திருந்தன. கவுன்சிலர் பேசினார். எம்டனுக்கு அஞ்சாத சிங்கம் என்றார், இந்தத் தெருவின் தூண் என்றார். பிறகு ஒலிபெருக்கியில் சுவர் பேசியது. வாணம், பீரங்கி, ஓட்டம், மூடி. கூட்டத்துக்கு முதலில் விளங்கவில்லை. 'நைனா குதிர்ல இல்ல' என்றதும் பின்வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்றார். அது முன்வரிசைக்கு வருவதற்குள் வெள்ளமாகிவிட்டது. கவுன்சிலர் தன் கையிலிருந்த பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தனகோபால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் தீயாய் எரிந்தன. ஆனால் அந்தக் காதுகளைத்தான் தீட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

கேட்காத பகுதி வந்தது. தெருவில் பிள்ளைகளை உட்காரவைக்கும் அவள் குரல். யாரோ ஸ்லோகம் சொன்னார்கள். திடீரென்று வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒன்று சீறியது. மிகக் கிட்டத்தில் வெடித்தது. ஒலிபெருக்கியே அதிர்ந்தது. பந்தலில் சிரிப்பு நின்றது. 1914-இல் தெரு முழுக்க அலறியது.

அதற்கும் மேலே, பானைக்குள்ளிருந்து, ஒரு கத்தல்.

"உண்ணாமலே!"

மூடி விழுந்து உடைந்தது. நெல் சரசரவென்று கொட்டிற்று. வெறுங்கால்கள் கூடத்தைத் தாண்டி ஓடின. கதவு திறந்தது. "உண்ணாமலே, எங்கடி இருக்கே? உண்ணாமலே." அந்தக் குரல் உடைந்திருந்தது. குண்டு நின்றுவிட்டதா, கப்பல் போய்விட்டதா என்று அது கேட்கவில்லை.

"இங்கதான் இருக்கேன்" என்றது அவள் குரல். "ஒண்ணுமில்லே. அழாதீங்க, எல்லாரும் பார்க்குறாங்க."

"அண்ணனே எறங்கி வந்துட்டாரு" என்றார் ஒருவர். "நீங்க சொன்னபடி வெளக்கையெல்லாம் அணைச்சுட்டோம் அண்ணே. ஒருத்தரும் ஓடலை."

மூச்சிரைப்புக்கு நடுவே அந்தக் குரல் கேட்டது.

"நானா சொன்னேன்?"

"நீங்கதான்" என்றாள் உண்ணாமலை.

"ஆமா" என்றார் மாசிலாமணி.

"அதென்ன அண்ணே தலையெல்லாம் நெல்லு?"

அதற்கும் பதிலை அந்தக் குழந்தைதான் திட்டவட்டமாகச் சொல்லிற்று.

"நைனா குதிர்ல இல்ல."

பந்தலில் நாற்காலி ஒன்று சாய்ந்து ஓர் ஆள் விழுந்தார். தனகோபாலும் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பக்கத்தில் மேகலா 'உண்ணாமலை, உண்ணாமலை' என்று மனப்பாடம் செய்கிறவள் போல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கவுன்சிலர் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க. பலகையில எம்டன் மாசிலாமணின்னு எழுதி வச்சிருக்கு. இப்ப துணியை எடுக்கிறதா வேணாமா?"

"எம்டன் இருக்கட்டும். அது பொருத்தம்தான். பக்கத்துல இருக்கிற பேரை மட்டும் மாத்துங்க."

கவுன்சிலர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். எம்டன் உண்ணாமலை தெரு. வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மன்றக் கூட்டத்தில் திருத்தம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. எப்போதும் எதிர்க்கிற உறுப்பினர் அன்று வாயே திறக்கவில்லை. அவருடையதும் பழைய சுண்ணாம்பு வீடு.

பெங்களூரிலிருந்த தனகோபாலின் தம்பி ஆறு மாதம் பேசவில்லை. சித்தப்பா வீட்டார் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரை விட்டுவிட்டார்கள். அதைவிடப் பெரிய விளைவு ஊரில் நடந்தது. கொத்தனார்களுக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவல்லிக்கேணி எங்கும் பழைய வீடுகளுக்கு சிமென்ட் பூசினார்கள். பூசிவிட்டால் சுவர் வாயடைத்துப்போகும். எந்த வீட்டில் பெருமை அதிகமோ அந்த வீட்டில் பூச்சு கனமாக விழுந்தது.

அடுத்த செப்டம்பரில் ஜெசிந்தா வந்தாள். நிகழ்ச்சிக்குக் கேட்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், பேசுவதற்குத்தான் சுவர் இல்லை என்றாள்.

"ராயபுரத்துல உங்க சுவர் ஒண்ணுதான் சார் பாக்கி. எந்தத் தேதியா இருந்தாலும் சரி."

"நம்ம சுவர் பயப்படாது" என்றார் தனகோபால் பெருமையாக. "எந்த நாள் வேணும்னாலும் எடுத்துக்கோம்மா."

காபி கொண்டுவந்த மேகலா, தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு ஜெசிந்தாவிடம் சொன்னாள். "ஜூன் பதினொண்ணு எடுங்க."

"அன்னிக்கு என்னம்மா விசேஷம்?"

"பெரிய சரித்திரமெல்லாம் இல்லை. எங்க பொண்ணுக்கு அன்னிக்கு வெளியூர் காலேஜ்ல இடம் கிடைச்சது. போகக்கூடாதுன்னு இந்தக் கூடத்துலதான் முடிவாச்சு. சொன்னது அம்மாதான்னு அவ இன்னிக்கு வரைக்கும் நினைச்சுட்டு இருக்கா. அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு."

தனகோபால் காபியை ஆற்றினார். நிறைய நேரம் ஆற்றினார். ஜூனில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா போனாள்.

மறுநாள் காலையில் ஏழுமலை மேஸ்திரி சிமென்ட் மூட்டையோடு வாசலில் நின்றார். முன்கூடத்துச் சுவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"உங்க வீட்டுச் சுவரை மட்டும் பூசவே மாட்டீங்கன்னு நினைச்சேன் சார். ஊரே கேட்டுச்சே."

"அது வரலாறு மேஸ்திரி" என்றார் தனகோபால். "இது இன்னும் வரலாறு ஆகலை."

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டார். கலவை குழைக்கும் சத்தமும் கரண்டி உரசும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

மத்தியானம் வரை பூச்சு நடந்தது. டீ தம்ளர் வைக்கும் சத்தமும் பின்னாலேயே மேகலாவின் குரலும் கேட்டன.

"மேஸ்திரி, அந்த பீரோவுக்குப் பின்னால ஒரு உள்ளங்கை அகலம் பூசாம விட்டுடுங்க."

"ஏம்மா, அசிங்கமா இருக்காது?"

"சார் விடச் சொன்னாரு."

தனகோபால் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. மேஸ்திரி உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சார், நீங்களா சொன்னீங்க?"

கதவுக்கு இந்தப் பக்கம் தனகோபால் வந்து நின்றார். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. தாழ்ப்பாளில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தார்.

"ஆமா" என்றார். "நான்தான் சொன்னேன்."